சண்முகசுந்தரியும் வாயடைத்த கணினியும்

தென்காசியில் கணினி பழுது பார்க்க வருகிறவர்கள் பைக்குள் திருப்புளி வைத்திருக்கிறார்களோ இல்லையோ, வாய்க்குள் ஒரு சொல்லைத் தயாராக வைத்திருப்பார்கள். "பார்மட் அடிச்சிரலாம்." எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்றாலும் அதுதான், மவுஸ் நகரவில்லை என்றாலும் அதுதான். பல்வலி என்று போனவனுக்குத் தலையையே எடுத்துவிட்டுப் புதுத்தலை வைக்கிற வைத்தியம். பழைய தலைக்குள் இருந்த பேத்தி காதுகுத்துப் படங்கள், வீட்டு வரைபடம், மகன் எழுதிய கடிதம் எல்லாம் அதோடு போய்ச் சேரும்.

சண்முகசுந்தரி வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. எங்கள் தெருவுக்கு அவள் வரப்போக இருந்து ஒன்பது வருடம் ஆகிறது. பண்பொழிக்காரி. முப்பத்தெட்டு வயது. தென்காசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் தட்டச்சு வேலைக்கு வந்தாள். சென்டரை மூடிக்கொண்டு முதலாளி திருப்பூர் போய்விட்டார். அவர் விட்டுப்போன திருப்புளியையும் வாடிக்கைக்காரர்களையும் இவள் எடுத்துக்கொண்டாள். பச்சை ஸ்கூட்டர், வெயிலடித்தாலும் கழற்றாத மழைக்கோட்டு, கையில் ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பக்கம். என்றைக்குக் கெட்டது, எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வாள். கேட்கிற கேள்விகளைப் பார்த்தால் சம்பந்தம் பேச வந்தவள் போலிருக்கும்.

வாங்கும்போதே கணினிக்குள் இருக்கிற சின்னச் சின்னக் கருவிகள் உண்டில்லையா? கணக்குப் போடுவது, படம் பிடிப்பது, அச்செடுப்பது. நேற்றுவரை ஒழுங்காக இருந்தவை 'அப்டேட்' முடிந்த மறுநாள் காலையில் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அந்த வகைக் கோளாறில்தான் அவள் கெட்டிக்காரி.

"திருடன் வந்து எடுத்துட்டுப் போகல டீச்சர்" என்பாள் என்னிடம். "வீட்டுக்குள்ள வெள்ளையடிச்சிருக்காவ. அடிச்சவன் சாமான இடம் மாத்தி வச்சிட்டான். எங்கன வச்சான்னு நிதானமாத் தேடணும். கிடைக்கலன்னு வீட்டையே இடிக்கச் சொன்னா எப்படி?"

குற்றாலத்தில், ஐந்தருவி போகிற வழியில் ஒரு லாட்ஜ். சீசன் நேரம், வாசலில் வரிசை நிற்கிறது. வருகிறவர்களைப் படம் பிடித்துப் பதிவு செய்கிற கேமரா அப்டேட்டுக்குப் பிறகு வெறும் இருட்டைக் காட்டியது. முந்தின நாள் மேசைமேல் உட்கார்ந்திருந்த குரங்கின்மேல் மேனேஜர் பழி போட்டுவிட்டார். இவள் போய்ப் பார்த்தால், கேமராவுக்கு இருந்த அனுமதியைப் புதுப்பிப்பு தானாகவே நிறுத்திவைத்திருக்கிறது. ஒரு பொத்தானைத் தள்ளினாள், சரியாகிவிட்டது. திரையில் முதலில் விழுந்த முகம் ஜன்னலில் இருந்த அதே குரங்கு. தன்மேல் விழுந்த பழி துடைக்கப்பட்டது தெரிந்து அது இவளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தது என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பாதிப் பழம் என்றாவது நம்புங்கள்.

இப்போது சொல்லப்போவதில் அப்படிக் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நானே கண்ணால் பார்த்தது.

எங்கள் எதிர்வீடு ஹைருன் பீவியுடையது. எழுபது வயது. மூத்த மகன் முகம்மது சலீம் சவூதியில் தம்மாமில் இருக்கிறான். இளையவன் துல்கர்னைன் வீட்டில். அவனுக்குப் பதினோரு வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போனது, இப்போது நாற்பத்து நான்கு. முன்பு டெலிபோன் பூத்தில் இருந்தான். ஊரிலுள்ள நம்பர்களெல்லாம் மனப்பாடம். பூத்து போனபிறகு வேலை என்று உருப்படியாக எதுவும் அமையவில்லை. மூன்று வருடத்துக்கு முன் சலீம் ஒரு கணினி வாங்கிக் கொடுத்தான். அதிலேயே இருக்கிற திரைவாசிப்பான், திரையில் உள்ளதைத் தமிழில் உரக்க வாசிக்கும். துல்கர் அதை மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பான். எனக்கு அது தகர டப்பாவில் மிளகு கொட்டுகிற சத்தமாகக் கேட்கும். ஹைருன் அதற்கு வைத்த பெயர் 'மூச்சுவிடாதவன்'.

அந்த மூச்சுவிடாதவனை வைத்துக்கொண்டு துல்கர் ஒரு வித்தை கற்றிருந்தான். பிழை திருத்துவது. கண்ணிருக்கிற நாம் ஓர் எழுத்து விடுபட்டிருந்தாலும் மனசுக்குள் போட்டுக்கொண்டு வாசித்துவிடுவோம். அந்தக் குரல் அப்படி இரக்கம் காட்டாது, இருக்கிறதை இருக்கிறபடி சொல்லும். துல்கரின் காது அதைப் பிடித்துவிடும். நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தில் ஒன்பது பிழை கண்டுபிடித்தான். முப்பத்தோரு வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

பாடநூல் போடுகிற ஒரு பதிப்பகம், வீட்டிலிருந்தே பிழைதிருத்த ஆள் தேடியது. துல்கர் விண்ணப்பித்தான், கூப்பிட்டார்கள். செப்டம்பர் எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு இரண்டு மணி நேரத் தேர்வு, சொந்தக் கணினியில். நிபந்தனை இரண்டு. கணினி முழுதாகப் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தேர்வே திறக்காது. வெளியிலிருந்து ஏற்றிய எந்தக் கருவியும் கூடாது, கணினியோடு பிறந்ததை மட்டும் பயன்படுத்தலாம். ஆக, அந்த வேலையே மூச்சுவிடாதவனின் தொண்டையில் இருந்தது.

ஜூலை பதினெட்டில் அந்தத் தொண்டை அடைத்தது.

சண்முகசுந்தரி வந்தாள். "கடைசியா எப்பண்ணே பேசுச்சு?"

"நேத்து சாயந்தரம். அப்டேட் வந்திருக்குன்னு அதே வாயால சொல்லுச்சு. சரின்னு போட்டேன். அதோட சரி."

கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஒரு வரி அடித்தாள். கெட்டுப்போன கோப்புகளைத் தேடிச் சரிசெய்கிற கட்டளையாம். அரைமணி நேரம் ஓடியது. மிளகு கொட்ட ஆரம்பித்தது. ஹைருன் அவளுக்கு ஒரு தட்டு நிறைய, அரிசி மாவில் தேங்காய் சேர்த்து வறுத்த ஓட்டுமாவு கொடுத்து அனுப்பினாள்.

ஆகஸ்ட் ஒன்பதில் திரும்பவும் ஊமை. இந்த முறை குரல் பொதியே காணோம், அதை மறுபடி இறக்கினாள். ஆகஸ்ட் இருபதில் குரல் இருந்தது, வாசிப்பான் திறந்த உடனே மூடிக்கொண்டது. அதையும் சரிசெய்தாள். மூன்று முறையும் வீட்டில் கேட்டாள், யாராவது கணினியைத் தொட்டீர்களா என்று.

"அல்லா மேல ஆணையா அதை நான் தொட மாட்டேம்ட்டி" என்றாள் ஹைருன். "தூசிகூடத் துடைக்க மாட்டேன். அவன் கண்ணுல்லா அது."

செப்டம்பர் மூன்றாம் தேதி நான்காவது முறை. தேர்வுக்கு ஐந்து நாள். மறுநாள் காலையில் சண்முகசுந்தரி வந்தபோது துல்கர் விசைப்பலகைமேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை.

"பார்மட் அடிச்சிரு சுந்தரி" என்றான். "பஜார்ல ஒருத்தர் சொன்னாரு, அடிச்சா சரியாயிரும்னு."

"சரியாயிரும். நாளைக்குப் பேசும். அடுத்த அப்டேட்ல மறுபடி படுத்துக்கிடும். அது பரீட்சை நடுவுல படுத்தா என்ன செய்விய?"

"அப்ப இந்த வேலை நமக்கில்லன்னு விட்டுருவோம். பூத்து போச்சு, இதுவும் போகட்டும்."

"நீங்க விடுவிய. நான் விட மாட்டேன். நாலு தடவ என் மூஞ்சில கரி பூசியிருக்குண்ணே இது."

அன்றைக்குத்தான் அவள் வேலை பார்க்கிற விதத்தை முழுதாகப் பார்த்தேன். கோளாறைச் சரிசெய்ய அவள் அவசரப்படவில்லை. கணினி தனக்கு நேர்ந்ததையெல்லாம் தானே எழுதி வைத்துக்கொள்ளுமாம், ஒரு நாட்குறிப்பு மாதிரி. அதைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நான்கு நாளிலும் ஒரே சங்கதி. அப்டேட் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென்று அறுந்திருக்கிறது. நேரங்களை நோட்டில் எழுதினாள். ஜூலை பதினேழு, 6.47. ஆகஸ்ட் எட்டு, 6.42. பத்தொன்பது, 6.37. செப்டம்பர் மூன்று, 6.29.

"டீச்சர், நேத்து ஆறரைக்கு ஒங்க வீட்ல கரண்டு போச்சா?"

"இல்லையே. மாவு ஆட்டிக்கிட்டிருந்தேன்."

"அப்ப இந்த வீட்டுக்கு மட்டும் போயிருக்கு." நோட்டைத் தூரத் தள்ளி வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். "மோட்டார் போடுத நேரம்னா தெனம் ஒரே மணிக்கு இருக்கும். ஓடுத கடிகாரத்தப் பாத்து செய்யுத வேலை இல்ல இது. நாளாக நாளாக முந்திக்கிட்டே வருது."

எழுந்து போய் மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்தாள். அதற்கு அந்தப் பக்கம் குற்றாலத்து மலை, மேகம் பாதி மறைத்துக் கிடந்தது. அவள் பார்த்தது மலையை இல்லை, அதற்குப் பின்னால் சூரியன் இறங்குகிற இடத்தை. துல்கரிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, அப்டேட்ட எப்பப் போடுவிய?"

"பொழுது அடையவும் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகுமுன்ன. நான் இல்லாத நேரத்துல அது பாட்டுக்கு வேலையப் பாக்கட்டுமேன்னு."

"அப்டேட் இல்லாத நாள்ல?"

"அணைச்சிட்டுப் போயிருவேன்."

சண்முகசுந்தரி நோட்டை மூடினாள். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, கெட்டுப்போன கோப்புகளை நல்ல பிரதியோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகச் சீராக்கினாள். பிறகு சொன்னாள், "இன்னைக்கும் எப்பவும் போலச் செய்யுங்க. ஆறே காலுக்கு அப்டேட்டப் போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் பள்ளிக்குப் போங்க. நான் இங்கனதான் இருப்பேன்."

எனக்கு வீட்டில் ஆயிரம் வேலை. ஒன்றையும் செய்யாமல் நானும் அங்கேயே இருந்தேன்.

ஆறே காலுக்குத் துல்கர் பொத்தானை அழுத்திவிட்டு, கம்பைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். திரை நீலமாகியது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது, அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. அணைத்துவிடாதீர்கள் என்று அதற்கு அர்த்தம். அந்த வீட்டில் ஒருவருக்கு அது கண்ணில் படாது. இன்னொருவருக்குக் கண்ணில் படும், ஆனால் படிக்க வராது. குர்ஆனும் தமிழும் தங்குதடையில்லாமல் வாசிப்பாள் ஹைருன். ஆங்கிலம் அவள் படித்த காலத்தில் அந்தத் தெருவுக்குள் வரவில்லை.

டிவியில் யாரோ யாரையோ வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஹைருன் அதைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தாள். வட்டம் சுற்றியது. முப்பது சதவீதம். நாற்பது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு தரம் கரகரத்தது. தொழுகைக்கு அழைக்கிற பாங்கு ஆரம்பித்தது.

ஹைருன் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பாங்கு சொல்லும்போது வீட்டில் வேறு சத்தம் கேட்கக் கூடாது, அது அவள் உம்மா காலத்துப் பழக்கம். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டாள். டிவி, கணினி, விடிவிளக்கு மூன்றும் செருகியிருந்த நீட்டிப்புப் பெட்டிக்கு அங்கே ஒரே ஒரு சுவிட்சு.

சண்முகசுந்தரி பாய்ந்தாள். கத்தவில்லை. பாங்கு நேரத்தில் கத்துவது முறையில்லை என்று அந்தச் சமயத்திலும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். சுவிட்சின்மேல் இருந்த ஹைருனின் விரலுக்கு அடியில் தன் விரலைக் கொடுத்துவிட்டாள். மற்றக் கையால் ரிமோட்டை எடுத்து டிவியின் வாயை அடைத்தாள். ஹைருன் முறைத்தாள். இவள் உதட்டில் விரல் வைக்க முடியாமல் கண்ணாலேயே கெஞ்சினாள். பாங்கு முடிகிறவரை இரண்டு பேரும் பீரோவுக்குப் பின்னால் கைமேல் கை வைத்து நின்றார்கள். மூன்று நிமிடம்தான் இருக்கும். அதற்குள் எனக்கு மூன்று வயது கூடிவிட்டது, வேண்டுமானால் ரேஷன் கார்டில் திருத்திக்கொள்ளுங்கள்.

பாங்கு முடிந்ததும் ஹைருன் வெடித்தாள்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? விரலு நசுங்கியிருக்கும்லா!"

"நசுங்கினா நசுங்கட்டும்மா. நீங்க எப்பவும் இந்த சுவிட்சத்தான் அணைப்பியளா?"

"டிவிய அணைக்கேன். அதுக்கென்ன? தொழுது முடிச்சிட்டு மறுபடி போட்டுருவேன்."

"ரிமோட்டுல அணைக்கலாம்லா?"

"அதுல நாப்பது பொத்தான். ஒண்ண அமுக்கினா ஒண்ணு வருது. இது ஒரே பொத்தான்."

சண்முகசுந்தரி குனிந்தாள். பீரோவுக்குப் பின்னாலிருந்து இரண்டு வயர்களை இழுத்துக் காட்டினாள். ஒன்று டிவிக்கு, இன்னொன்று கணினிக்கு. இரண்டும் ஒரே பெட்டியில்.

ஹைருன் வயரைப் பார்த்தாள். வயர் போகிற வழியைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்தாள்.  கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு தடவையும் நான்தானா?"

"நீங்க இல்லம்மா. அவுக போட்ட நேரமும் நீங்க அணைச்ச நேரமும் முட்டிக்கிட்டு. யாருக்கும் தெரியாம நடந்தது."

"எம் புள்ள வேலையில நானே மண்ணள்ளிப் போட்டேன்லாட்டி..."

"போடல. இன்னும் நாலு நாள் கெடக்கு. எழும்புங்க, தொழுகைக்கு நேரமாகுதுல்லா. நீங்க தொழுங்க, நான் இத பாத்துக்கிடுதேன்."

ஹைருன் தொழுது முடித்து, கையேந்தி வெகுநேரம் இருந்தாள். எண்பது சதவீதம். தொண்ணூற்றாறில் அது அப்படியே நின்றது. தொண்ணூற்றாறுக்கும் தொண்ணூற்றேழுக்கும் நடுவில் செங்கோட்டைக்கு நடந்தே போய்வந்துவிடலாம். துல்கர் கம்பைத் தட்டிக்கொண்டு படியேறுகிற சத்தம் கேட்டது.

"பேசுச்சா?" என்றான் வாசலிலிருந்தே.

யாரும் பதில் சொல்லுமுன் ஹைருன் எழுந்து போனாள். சண்முகசுந்தரி அவள் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். ஹைருன் உதறிவிட்டாள்.

"ஏலே துல்கரு. ஒன் பொட்டிய இவ்வளவு நாளா கொன்னுக்கிட்டிருந்தது நான்தாம்லே. பாங்கு சொல்லையில டிவின்னு நெனச்சு அதையும் சேத்து அணைச்சிருக்கேன்."

துல்கர் படியிலேயே நின்றான். அவன் முகத்தில் என்ன வரப்போகிறது என்று நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் தோள் குலுங்கியது. பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறான்.

"நான் அத ஓடவிட்டுட்டு ஓடினேன். நீங்க பின்னாலயே வந்து கழுத்த நெரிச்சிருக்கிய. உம்மா, நாம ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிய. இந்தப் புள்ள போலீஸ்காரி மாதிரி புடிச்சிட்டா."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, அறைக்குள் மிளகு கொட்டியது. கடவுச்சொல்லை உள்ளிடுக. மூச்சுவிடாதவன் திரும்பி வந்துவிட்டான். ஹைருன் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சனியன், வந்ததும் வராததுமா அதிகாரத்தப் பாரு" என்றாள்.

மறுநாள் சண்முகசுந்தரி இரண்டு வேலை செய்தாள். கணினிக்குத் தனி பிளக்கு, அறையின் அந்தப் பக்கச் சுவரில். டிவி ரிமோட்டில் சத்தத்தை நிறுத்துகிற பொத்தான்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினாள், கை தடவினால் தெரிகிற மாதிரி. "இனி ஒங்களுக்கும் ஒரே பொத்தான்" என்றாள். ஹைருன் பத்துத் தடவை அமுக்கிப் பார்த்துப் பாஸாகிவிட்டாள்.

தேர்வன்று காலையில் ஹைருன் எந்த ஏற்பாட்டையும் நம்பவில்லை. டிவி பிளக்கையே உருவி மடியில் வைத்துக்கொண்டாள். கணினி சுவிட்சுக்கு அடியில் ஒரு முக்காலி போட்டு, தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு பத்திலிருந்து பன்னிரண்டு வரை காவல் இருந்தாள். பால்காரர் பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு நுனிக்காலில் போனார். கதவுக்கு அந்தப் பக்கம் மிளகு விடாமல் கொட்டியது.

தேர்வில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழைகள் அறுபதாம். துல்கர் அறுபத்திரண்டு கண்டுபிடித்தான். அந்த இரண்டும் தேர்வு வைத்தவர்களுக்கே தெரியாமல் விழுந்தவை. இதையும் நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பதிப்பகத்திலிருந்து போனில் சொன்னார்கள், நான் பக்கத்தில் இருந்தேன். அக்டோபர் முதல் தேதியிலிருந்து வேலை.

சேதி கேட்டு சண்முகசுந்தரி வந்தாள். ஹைருன் ஓட்டுமாவு கிளறி எடுத்துவர உள்ளே போனபோது, மேசைமேல் இருந்த நீள நோட்டை நான் புரட்டினேன். என் புத்தி அப்படி. துல்கர்னைன் என்று தலைப்பிட்ட பக்கம். நாள், நேரம், கெட்டது என்ன, செய்தது என்ன, எல்லாம் சின்ன எழுத்தில். கடைசியில் காரணம் என்று போட்டு ஒரு வரி.

ஹைருன் தட்டோடு வந்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். தமிழ் எழுத்துதான், ஆனால் கண்ணாடி அடுக்களையில் இருந்தது.

"டீச்சர், அதுல என்ன எழுதியிருக்கா? எம் பேரு போட்டிருக்காளா?"

நான் வாசித்துக் காட்டினேன். "காரணம்: இரண்டு வயருக்கு ஒரே சுவிட்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஹைருன் சண்முகசுந்தரியைப் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்காதவள் போல ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஹைருன் உள்ளே திரும்பிப் போய், தட்டில் இருந்ததோடு இன்னொரு தூக்குச்சட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள்.